அப்புவுக்கு ஒரு வாளி கொள்ளு

டாக்டர் என்னைக் கொள்ளு சாப்பிடச் சொல்லிவிட்டார். ரத்தத்தில் கொழுப்பு கூடியிருக்கிறதாம். காலமெல்லாம் பரோட்டாவும் சால்னாவுமாக வளர்த்த உடம்பில் வேறென்ன கூடும் என்று மருமகள் மெதுவாகச் சொன்னாள், எனக்குக் கேட்கிற அளவு மெதுவாக. மறுநாள் காலை குக்கர் விசில் அடித்ததும் அந்த வாசனை கிளம்பி வந்தது. உங்களுக்குத் தெரிந்திருக்கும். மழை விழுந்த மண்ணும் நனைந்த சாக்கும் கொஞ்சம் புகையும் கலந்த வாசனை. மதுரையில் மகன் வீட்டு மாடியில், டைல்ஸ் பதித்த சமையலறையில், அது பொருந்தாமல் நின்றது. மருமகள் ஜன்னலைத் திறந்துவிட்டாள். நான் எழுந்துபோய் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

"பசிக்குதா மாமா?" என்றாள். பசியெல்லாம் இல்லை. கண்ணுக்கு முன்னால் ஒரு குதிரை நின்றது, அவ்வளவுதான். அதை மருமகளிடம் சொன்னால் டாக்டரிடம் மறுபடியும் கூட்டிப்போய்விடுவாள். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

போடியிலிருந்து மலையைப் பார்த்துக் கொட்டகுடி ஆற்றின் ஓரமாகவே போனால் குரங்கணி வரும். அதற்குமேல் ரோடு கிடையாது, மலைதான். என் அக்கா வேலுத்தாயை அங்கேதான் கட்டிக்கொடுத்திருந்தோம். எழுபதுகளின் கடைசியில் நான் போடியில் ஒரு ஏலத்தோட்ட முதலாளியிடம் ஜீப்பு ஓட்டிக்கொண்டிருந்தேன். ஜீப்பு டிரைவர் என்றால் அன்று தனி மவுசு. கறுப்புக் கண்ணாடி ஒன்று வாங்கி வைத்திருந்தேன். அதைப் பொழுது சாய்ந்த பிறகும் போட்டுக்கொண்டு திரிந்ததாக அக்கா இன்றுவரை சொல்லுவாள், நீங்கள் நம்ப வேண்டாம். ஏலக்காய் மூட்டை ஏற்றி ஏற்றி ஜீப்பு மணக்கும், சட்டை மணக்கும், தலைமுடிகூட மணக்கும். சினிமாக் கொட்டகையில் பக்கத்தில் உட்கார்ந்தவர் மூக்கை உறிஞ்சிவிட்டு, எந்தத் தோட்டம் என்று விசாரிப்பார்.

அக்கா வீட்டில் வேறு வாசனை. அது குதிரை வீடு. மலைமேல் இருக்கிற தோட்டங்களுக்கு அரிசியும் உப்பும் மண்ணெண்ணெயும் பொதிக்குதிரைகளின் முதுகில்தான் ஏறும். திரும்பி வரும்போது காப்பிக்கொட்டையும் ஏலமும் இறங்கும். அக்காவின் மாமனார் அந்தத் தொழில் பார்த்தவர். அவருக்குப் பிறகு மூத்த மகன் கருப்பையாண்ணன் பார்த்தார். இளைய மகன்தான் என் மச்சான். பெயர் சன்னாசி. கல்யாணத்தன்று எங்கள் தெருப் பெண்கள் அந்தப் பெயரை வைத்து அவரைப் படுத்திய பாட்டைத் தனியாக எழுத வேண்டும்.

மச்சான் இளவட்டமாக இருந்தபோது குதிரை ஒன்றை விற்றுவர ஊட்டிக்குப் போனாராம். அங்கே காலைப் பனியில் பந்தயக் குதிரைகளை ஓட்டிப் பழக்குவதைப் பார்த்தார். விற்ற பணத்தைத் தெரிந்தவரிடம் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டு அங்கேயே தங்கிவிட்டார். குதிரையைக் கழுவி, தேய்த்து, சாணம் அள்ளுகிற வேலை. அதற்கு சைசு என்று பெயர். பிறகு பழக்க ஓட்டத்தில் ஏறி ஓட்டுகிறவராக ஆனார். பிறகு கிண்டியில் ஒரு பெரிய டிரெயினரிடம் உதவியாள். வருஷத்துக்கு இரண்டு தடவை ஊருக்கு வருவார். முழங்கால்வரை பூட்சு, மழுங்க வழித்த முகம், நடுவில் ஒன்றிரண்டு இங்கிலீஷ் வார்த்தை. அக்கா அந்தப் பூட்சை வாசலுக்கு வெளியே கழற்றவைத்த பிறகுதான் சோறு போடுவாள்.

நாற்பது வயதை நெருங்கும்போது அவருக்கே டிரெயினர் லைசென்சு கிடைத்தது. எங்களுக்குத் தெரிந்த லைசென்சு ஜீப்பு லைசென்சு ஒன்றுதான். குதிரை ஓட்டவும் லைசென்சா என்று அக்கா கேட்டாள். ஓட்டுவதற்கு இல்லை, ஓட்டப் பழக்குவதற்கு என்று மச்சான் விளக்கினார். அப்படியானால் கருப்பையாண்ணனுக்கும் ஒன்று வாங்கிக் கொடுங்கள், அவரும் காலமெல்லாம் பழக்கிக்கொண்டுதானே இருக்கிறார் என்று அவள் சொல்லிவிட்டுச் சோற்றுப்பானையைக் கிண்டப் போய்விட்டாள். அந்தப் பேச்சை நாங்கள் அன்று சிரித்துத் தள்ளிவிட்டோம்.

லைசென்சு வந்தது, குதிரை வரவில்லை. சாணம் அள்ளினவனிடம் லட்சணமான குதிரையை யார் ஒப்படைப்பார்கள்? கடைசியில் வந்தவர் என் முதலாளிதான். கோடையில் ஊட்டிக்குப் போய், கோட்டு மாட்டிக்கொண்டு பந்தயம் பார்க்கிற பழக்கம் அவருக்கு உண்டு. அந்த வருஷம் யாரோ அவர் தலையில் ஒரு குதிரையைக் கட்டிவிட்டார்கள். நல்ல சாதிக் குதிரை, ஆனால் முன்னங்காலின் பின்பக்க நரம்பு அடிபட்டு வீங்கி, இனி ஓடாது என்று கைவிடப்பட்டது. முதலாளி மச்சானைக் கூப்பிட்டுப் பேசினார். பேச்சு சுருக்கமாகத்தான் இருந்தது. அடுத்த ஊட்டி சீசனில் இதை ஒரு பந்தயம் ஜெயிக்கவைத்தால் என்னுடைய மற்ற குதிரைகளும் உனக்கு. இல்லாவிட்டால் இதைப் பழனியில் சவாரி வண்டிக்குக் கொடுத்துவிடுவேன்.

மச்சானுக்கு அதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. ஓடுகிற குதிரை இல்லாத டிரெயினருக்கு அடுத்த வருஷம் லாயத்தில் இடம் கிடைக்காது. அன்று ஜீப்பில் வரும்போது என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "மாப்ளே, மறுபடியும் இன்னொருத்தன் லாயத்துல போயி துணிய எடுத்துக் குதிரை தொடைக்கணும்னா, நான் ஊட்டிக்கும் போகமாட்டேன், குரங்கணிக்கும் வரமாட்டேன். எங்கிட்டாவது போயிருவேன்." நான் கியரை மாற்றினேன்.

குதிரை லாரியில் வந்து இறங்கியதைப் பார்க்கக் குரங்கணியே கூடியது. பொதிக்குதிரைகளை மட்டுமே பார்த்த ஊர். இது செவலை நிறத்தில், கூரை எரவாணத்தில் தலை முட்டுகிற உயரத்தில் நின்றது. அதன் பெயர் கர்னல்ஸ் ஹேட். கர்னல் தொப்பி என்று மச்சான் அர்த்தம் சொன்னார். குதிரைக்குத் தொப்பி என்று யாராவது பெயர் வைப்பார்களா என்று ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருந்தபோது, அக்கா மட்டும் கிட்டே போனாள். அது நடுங்கிக்கொண்டிருந்தது. அதன் கழுத்தில் கை வைத்து, "என்னப்பு, பயந்துட்டியா?" என்றாள். தீர்ந்தது. அன்றிலிருந்து அது அப்பு.

வைத்தியம் என்றால் பெரிய மருந்தொன்றும் இல்லை. ஆறுதான் மருந்து. கொட்டகுடி ஆறு மலையிலிருந்து இறங்கிய சூட்டோடு, அதாவது இறங்கிய குளிரோடு, குரங்கணியைத் தாண்டும். சித்திரை வெயிலிலும் அதில் கால் வைத்தால் எலும்புக்குள் ஏறும். காலையும் மாலையும் அப்புவை முழங்கால் தண்ணீரில் நிறுத்திவைப்பார் மச்சான். கூடவே அவரும் நிற்பார். பிறகு கற்பூரமும் டர்பன்டைனும் சேர்த்த தைலத்தைத் தேய்ப்பார். அந்த நெடியில் வீட்டுப் பூனைகூட ஒரு வாரம் வரவில்லை. வீக்கம் வடிந்ததும் ஏற்றத்தில் மெதுவாக நடக்கவைக்க வேண்டும். மலைப்பாதையில் ஆள் ஏறாமல், அவசரம் இல்லாமல் நடந்தால் கால் தானே உரமேறும் என்று அவர் கணக்கு.

ஆனால் அப்பு தனியாக நடக்கமாட்டேன் என்றுவிட்டது. இலை அசைந்தால் மிரளும், குரங்கு கத்தினால் திரும்பி ஓடி வரும். பெரிய இடத்துப் பிள்ளை இல்லையா. கடைசியில் கருப்பையாண்ணனே வழி சொன்னார். என் குதிரைகளோடு விடு, அதுகளைப் பார்த்துப் பழகட்டும் என்றார். அதைவிட நல்ல யோசனை இருக்க முடியாதென்று எங்கள் எல்லோருக்கும் தோன்றியது.

பொதிக்குதிரைகள் போகிற வரிசையை நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. முன்னால் மணி கட்டிய குதிரை ஒன்று போகும். கருப்பையாண்ணனிடம் அது ராக்கு என்கிற குட்டை மட்டக்குதிரை. வயசானது, வாய்க்கொழுப்புப் பிடித்தது. ராக்கு நடந்தால் எல்லாம் நடக்கும், நின்றால் எல்லாம் நிற்கும். பாதையோ ஒரு குதிரை போகிற அகலம், ஒரு பக்கம் மலை, மறு பக்கம் பள்ளம். அதனால் அந்த வரிசைக்கு ஒரே ஒரு சட்டம்தான். முன்னால் போகிறதைப் பின்னால் வருகிறது முந்தக்கூடாது. முந்தினால் மூட்டையோடு மூட்டை இடித்து இரண்டும் பள்ளத்தில் போகும். அப்பு முதல் நாள் முந்தப் பார்த்தது. ராக்கு திரும்பித் தோளில் ஒரு கடி கடித்தது. கருப்பையாண்ணன் துண்டைச் சுழற்றி மூக்கில் ஒன்று வைத்தார். அடிக்கவில்லை, அவமானப்படுத்தினார், அவ்வளவுதான். கொஞ்ச நாளில் அப்பு பாடம் படித்துக்கொண்டது. அத்தனை உயரத்தை வைத்துக்கொண்டு வரிசையின் கடைசியில், குட்டைக் குதிரைகளின் வாலைப் பார்த்துக்கொண்டு, தலையைத் தாழ்த்தி நடந்து போகும். என்ன அடக்கம், என்ன ஒழுக்கம் என்று ஊரே மெச்சியது. மச்சானும் மெச்சினார். நான் எல்லோரையும்விடச் சத்தமாக மெச்சினேன்.

சாயங்காலம் இறங்கி வருவது தனி அழகு. ஆற்றங்கரை வந்ததும் கருப்பையாண்ணன் ராக்குவின் கழுத்து மணியை அவிழ்ப்பார். மணி அவிழ்ந்தால் அன்றைய சட்டமும் அவிழ்ந்தது. கரையில் அக்கா நிற்பாள், இரும்பு வாளியில் வெந்த கொள்ளோடு. நான் சொன்னேனே, அந்த வாசனை. கரண்டியால் வாளியைத் தட்டி, "அப்பூ, வெரசா வா அப்பூ" என்று குரல் கொடுப்பாள். அக்காவின் குரலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். சின்ன வயதில் அவள் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டால், பக்கத்துத் தெருக்களில் இருக்கிற பையன்களும் எழுந்து வீட்டுக்குப் போவார்கள். அந்தக் குரல் ஆற்றைத் தாண்டி, மலையில் முட்டி, திரும்பி வரும். அதைக் கேட்டதும் காலையிலிருந்து காத்த ஒழுக்கமெல்லாம் காற்றில் பறக்கும். குதிரைகள் முண்டியடித்து ஓடிவரும். வரிசையில் கடைசியில் வந்த அப்பு வாளிக்கு முதலில் வந்து நிற்கும். ராக்கு பின்னாலிருந்து கனைத்துத் திட்டும்.

கால் நன்றாகத் தேறியது. விடியற்காலையில் மச்சானே ஏறி உட்கார்ந்து போடி ரோட்டோர மண்ணில் ஓட்டிப் பார்ப்பார். நான் ஜீப்பில் கூடவே போவேன். ஸ்பீடாமீட்டர் முள் என்றைக்கோ செத்துப்போயிருந்தது, வேகத்தை உத்தேசமாகத்தான் சொல்வேன். அப்பு பறக்கும். ஆனால் ஒன்று கவனித்தேன். நான் ஜீப்பைக் கொஞ்சம் முன்னால் விட்டுவிட்டால், அது எத்தனை தூரமானாலும் என் பின்னாலேயே வரும். முந்தவே முந்தாது. பந்தயக் குதிரையாலும் என்னை முந்த முடியவில்லை என்று போடி டீக்கடையில் ஒரு மாதம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதற்காக ஒருவர் எனக்கு வடை வாங்கிக் கொடுத்தார்.

ஊட்டி சீசன் வந்தது. அப்புவை ஏற்றிக்கொண்டு மச்சான் முன்னால் போய்விட்டார். முதலாளியை ஜீப்பில் கூட்டிக்கொண்டு நான் முதல் பந்தயத்துக்குப் போனேன். ஓட்டுகிறவர் இஸ்மாயில் என்று மைசூர்ப் பக்கத்து ஜாக்கி. தராசில் நின்றால் முள் அசையுமா என்று சந்தேகப்படவைக்கிற உடம்பு, ஆனால் கை இரும்பு. கதவு திறந்தது, குதிரைகள் புறப்பட்டன. நம் அப்பு என்ன செய்தது தெரியுமா? மற்ற குதிரைகள் போக வழிவிட்டு, ஒழுங்காக வரிசையின் கடைசியில் போய்ச் சேர்ந்துகொண்டது. காதை நிமிர்த்திக்கொண்டு, முன்னால் போகிற குதிரையின் வாலைப் பார்த்துக்கொண்டு, ஊர்வலம் போவது மாதிரி மைதானத்தைச் சுற்றி வந்து கடைசியாக எல்லைக்கோட்டைத் தாண்டியது. வேர்க்கக்கூட இல்லை. இஸ்மாயில் இறங்கி மச்சானிடம் தலையை ஆட்டினார். கால்ல குறை இல்ல சார், பலம் கெடக்கு, எவ்வளவு தட்டினாலும் முன்னால போக மாட்டேங்குது என்றார். முதலாளி கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டு, சீசன் முடிகிறதுக்குள் இன்னும் ஒரு பந்தயம் ஓடட்டும், அதோடு சரி, பழனிக்காரருக்குச் சொல்லியனுப்பிவிடுகிறேன் என்றார். மச்சான் அப்புவின் காலையே தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். கோளாறு காலில் இல்லை என்பது அவருக்கும் தெரிந்துவிட்டது. எங்கே இருக்கிறது என்பதுதான் தெரியவில்லை.

முதலாளியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு நேராகக் குரங்கணிக்குப் போனேன். அக்காவும் கருப்பையாண்ணனும் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் கருப்பையாண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. "பின்னே? நம்ம வழியில நடந்த பய தம்பி அவன். முன்னுக்கு நிக்கிறவனை முந்துவானா?" என்றார் பெருமையாக. சொன்ன வேகத்தில் அவரே வாயை மூடிக்கொண்டார். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பந்தயத்துக்குப் போகிற குதிரைக்கு முந்தாமல் இருக்க ஒரு வருஷம் பாடம் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். ஊர் கூடி மெச்சியிருக்கிறோம். நான் அதை வைத்து வடை தின்றிருக்கிறேன். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அக்கா மட்டும் எழுந்து உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் வாளி இருந்தது. "நான் கூப்ட்டா முந்துவான்" என்றாள். "ஜீப்பை எடு."

முதலாளியிடம் என்ன பொய் சொல்லி ஜீப்பை வாங்கினேன் என்பது இப்போது நினைவில்லை. எதுவாக இருந்தாலும் நல்ல பொய்யாகத்தான் இருந்திருக்கும். போடியைத் தாண்டித் தேனிக்கு அந்தப் பக்கம் அதிகம் போகாதவள் அக்கா. வத்தலக்குண்டில் வெற்றிலை வாங்கினாள். பழனி வந்ததும் ஜீப்பை நிறுத்தச் சொன்னாள். இறங்கி மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். பிறகு அடிவாரத்தில் வரிசையாக நின்ற சவாரி வண்டிகளையும், விலா எலும்பு தெரிய நின்ற குதிரைகளையும் வெகுநேரம் பார்த்தாள். அதன் பிறகு மேட்டுப்பாளையம் வரைக்கும் வாங்கிய வெற்றிலையைத் தொடவில்லை. மலை ஏறும்போது, இதுதான் ஊட்டிக் குளிரா, குரங்கணிக்கு மேலே நம்ம டாப்ஸ்டேஷன் குளிருக்கு இது உறை போடக் காணாது என்று ஊட்டியின் கணக்கைத் தீர்த்தாள். வாளியை மட்டும் மடியிலிருந்து இறக்கவே இல்லை.

மச்சான் எங்களை லாயத்து வாசலில் பார்த்ததும் வெளுத்துப்போனார். நான் விஷயத்தைச் சொன்னேன். ராக்கு, மணி, துண்டு என்று சொல்லச் சொல்ல அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். கோளாறு எங்கே என்று விளங்கிவிட்டது. ஆனால் வாளியைப் பார்த்தபோது அவருக்குத் தாங்கவில்லை. தொப்பி போட்ட துரைசானிகளும் கோட்டு மாட்டின பெரிய மனுஷர்களும் நிற்கிற இடம் அது. அவர்களுக்கு நடுவில் வாளி தட்டுகிற பெண்ணுக்கு அவர் புருஷன். சாணம் அள்ளினவன் என்று முதுகுக்குப் பின்னால் பேசுகிறவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும். வேணாம் தாயி, ஊருக்குப் போ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று தணிந்த குரலில் கெஞ்சினார்.

"உங்க மானம் மரியாதைய காப்பாத்த நான் வரலைங்க" என்றாள் அக்கா. "என் பிள்ளைய வண்டியில பூட்டப் போறாகளாம்ல. அதுக்கு வந்தேன்." அவர்களுக்குப் பிள்ளை இல்லை என்பதை நான் உங்களுக்குச் சொல்லவில்லை. மச்சானே அவளைக் கூட்டிக்கொண்டு போய், கடைசி வளைவு முடிந்து நேர் ஓட்டம் தொடங்குகிற இடத்தில், வேலியோரமாக நிற்க இடம் காட்டினார். எப்போது கூப்பிட வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கப் போனார். ஆத்தங்கரையில யாரு சொல்லிக்கொடுத்தா என்று கேட்டாள். அவரும் அங்கேயே என்னோடு அவள் பக்கத்தில் நின்றுவிட்டார், டிரெயினர்கள் நிற்கிற மேடைக்குப் போகவில்லை.

பந்தயம் தொடங்கியது. அப்பு பழையபடி வழிவிட்டது, பழையபடி கடைசியில் போய்ச் சேர்ந்தது. தூரத்து வேலியோரம் குதிரைகள் போவது வரிசையாகத் தெரிந்தது. முன்னால் ஒரு மணி மட்டும்தான் குறை. வளைவு திரும்பினார்கள். மண் தெறித்தது, சாட்டைச் சத்தம் கேட்டது, கூட்டம் கத்தியது. அக்கா சேலையை இழுத்துச் செருகினாள், கரண்டியால் வாளியில் ஓங்கித் தட்டினாள்.

"அப்பூ, வெரசா வா அப்பூ!"

இஸ்மாயில் பிறகு என்னிடம் சொன்னதைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல முடியும். முதலில் காது திரும்பியதாம். பிறகு முதுகு அவருக்குக் கீழே தாழ்ந்து, குதிரை ஒரு முழம் நீண்டதாம். அதன் பிறகு அவர் ஓட்டவில்லை, பிடித்துக்கொண்டு மட்டும் இருந்தார். அப்பு வரிசையை விட்டு விலகி வெளிப்பக்கமாக வந்தது. ஒன்றை முந்தியது, இன்னொன்றை முந்தியது. எங்களைத் தாண்டும்போது இன்னும் சில குதிரைகள் முன்னால் இருந்தன. அக்கா விடவில்லை. வாளியைத் தட்டிக்கொண்டே வேலியோரமாக ஓடினாள், மச்சானும் பூட்சோடு அவள் பின்னால் ஓடினார். பெரிய மனுஷர்களுக்கு நடுவில், கோட்டை இடித்துக்கொண்டு, அவரும் அப்பூ அப்பூ என்று கத்திக்கொண்டே ஓடியதை நான் என் கண்ணால் பார்த்தேன். எல்லைக்கோட்டில் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு செவலைத் தலை நீட்டிக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்துவிட்டேன். அவர் மீசையில் சுருட்டு வாசனை அடித்தது.

பந்தய அதிகாரிகள் மச்சானை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். வேலியோரம் வாளி தட்டிய அம்மாள் யார் என்று கேட்டார்களாம். என் மனைவி, குதிரையைச் சாப்பிடக் கூப்பிட்டாள் என்று மச்சான் சொன்னாராம். கேட்ட பெரியவர்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்களாம். கூட்டத்தில் யாரும் எதையும் கத்தலாம், ஆனால் இனி பாத்திரம் கொண்டுவரக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். அக்காவுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. கூப்பிட்டுவிட்டுக் கொடுக்காமல் இருக்கலாமா என்று, வாளி நிறையக் கொள்ளோடு லாயத்தில் அப்புவின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். யாரோ ஒருவர் காரில் பந்தயம் பார்க்க வந்திருந்த முதலாளி அங்கே வந்து, நான் சொன்ன பொய்யை மறந்து, என் முதுகில் தட்டினார்.

அதன் பிறகு மச்சானின் நாட்கள் அமோகம். எண்பதுகள் முழுக்க ஊட்டியிலும் கிண்டியிலும் பெங்களூரிலும் அவர் குதிரைகள் ஜெயித்தன. மாலை போட்டு எடுத்த படங்கள் குரங்கணி வீட்டுச் சுவரில் இடம் போதாமல் அடுப்படிவரை போயின. எத்தனையோ பெரிய இடத்துக் குதிரைகள் கால் வீங்கி அந்த ஆற்றுத் தண்ணீரில் வந்து நின்றன. ஆனால் பொதி வரிசையில் அவற்றை விடும்போது ஒரு மாற்றம். மணி இப்போது ராக்குவின் கழுத்தில் இல்லை, வந்த குதிரையின் கழுத்தில். பந்தயக் குதிரை முன்னால் போகும், பொதிக்குதிரைகள் பின்னால் போகும். மணி போன துக்கத்தில் ராக்கு இரண்டு நாள் சரியாகத் தின்னவில்லை. அப்புவுக்கு மட்டும் கடைசிவரை பழைய வழக்கம்தான். கடைசி வளைவுவரை மரியாதையாக வரும், பிறகு கூப்பிட வேண்டும். அக்காவால் எல்லா ஊருக்கும் போக முடியாது என்பதால் இஸ்மாயிலே அந்தக் குரலைப் பழகிக்கொண்டார். மைசூர்த் தமிழில், பெண்குரலில், வெரசா வா அப்பூ என்று அவர் கத்தும்போது மற்ற ஜாக்கிகள் சிரித்தே பின்தங்கினார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. ஓட்டம் நின்றதும் அப்புவைப் பழனிக்கு விற்கவில்லை. குரங்கணிக்கு வந்து, ஆற்றங்கரையில் கிழட்டு ராக்குவுக்குப் பின்னால் நடந்து, வயசாகி, அங்கேயே மண்ணுக்குள் போனது.

இப்போது அங்கே பொதிக்குதிரை ஒன்றுகூட இல்லை. ஜீப்பு வந்தது, குதிரை போனது. அந்த ஜீப்புகளில் ஒன்றை ஓட்டியவன் நான்தான், யாரைக் குறை சொல்ல. பாதையில் இப்போது பை மாட்டிய பிள்ளைகள் ஏறுகிறார்கள். லாயம் இருந்த இடத்தில் ஜீப்பு நிறுத்துகிறார்கள். மச்சானும் கருப்பையாண்ணனும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். மணி எந்தப் பழைய இரும்புக் கடைக்குப் போனதோ தெரியாது. அக்கா போடியில் இருக்கிறாள், திடமாகத்தான் இருக்கிறாள். தொண்டையில் ஒரு ஆபரேஷன் செய்த பிறகு குரல் மட்டும் போய்விட்டது. மலையில் முட்டித் திரும்பி வந்த குரல். இப்போது பேசினால் காற்றுதான் வருகிறது, பக்கத்தில் இருப்பவருக்கே பாதி கேட்காது.

நேற்று போனில் அவளிடம் கொள்ளு விஷயத்தைச் சொன்னேன். நாலு வாய்க்கு மேல் இறங்கமாட்டேன் என்கிறது அக்கா, கிண்ணம் அப்படியே மேசைமேல் இருக்கிறது என்றேன். சிரித்தாள், மூச்சு வாங்குவது மாதிரி இருந்தது. என் பேரன் போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டான். கரண்டியால் எதையோ தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு ஏதோ சொன்னாள்.

"பாட்டி என்னமோ சொன்னாங்க தாத்தா, கேக்கல" என்றான் பேரன்.

எனக்குக் கேட்டது. எழுந்துபோய்க் கிண்ணத்தை எடுத்து, ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் தின்று முடித்தேன்.